பழைய கணிப்பொறியைக் கழிக்குமுன்

2025ஆம் ஆண்டு அக்டோபர் 14ஆம் நாளோடு விண்டோஸ் 10 இயங்குதளத்திற்கு மைக்ரோசாஃப்ட் நிறுவனம் அளித்து வந்த வழக்கமான ஆதரவு முடிவுற்றது. அதனை விடுத்து விண்டோஸ் 11க்கு மாற முற்பட்ட இல்லங்கள் பலவற்றில், இக்கணிப்பொறி அதற்குத் தகுதியற்றது என்னும் அறிவிப்பே திரையில் தோன்றியது. நம் பங்கின் மறைக்கல்வி ஆசிரியர் ஒருவர், மகளின் கல்லூரிக் கட்டணத்திற்கென வைத்திருந்த தொகையைக் கொண்டு புதுப்பொறி வாங்கத் துணிந்துவிட்டார். கடைக்காரரின் அறிவுரையும் அதுவேயாம். உண்மையில் அவரது பொறியில் குறை ஏதுமில்லை. டி.பி.எம்., செக்யூர் பூட் என்னும் இரு பாதுகாப்பு ஏற்பாடுகள் அதனுள் முடுக்கிவிடப்படாமல் உறங்கிக் கிடந்தன.

மின்விசையை அழுத்தியதும் முதலில் விழிப்பது விண்டோஸ் அன்று. தாய்ப்பலகையில் பதிந்துள்ள சிறு நிரலே. முன்பு அதனைப் பயாஸ் என்றனர். அதன் புதிய வடிவம் யு.இ.எஃப்.ஐ. எனப்படும். விடியற்காலையில் ஆலயக் கதவைத் திறக்கும் கோயில்பிள்ளையை ஒத்தது அது. அவ்வேளையில் கள்வன் நுழைந்து ஒளிந்துகொண்டால், பின்னர் வரும் காவலர் அவனை எங்ஙனம் அறிவர்? ஆகவே செக்யூர் பூட், தொடக்கத்தில் எழும் நிரல்கள் நம்பத்தக்க முத்திரை பெற்றவையா என ஆராய்கிறது. வேற்றுப் பங்கிலிருந்து வந்த திருமுழுக்குச் சான்றிதழின் முத்திரையைப் பார்த்த பின்னரே நம் பங்குத் தந்தை திருமண ஓலை வாசிப்பதில்லையா? டி.பி.எம். என்பதோ மறைச்சாவிகளைக் காக்கும் பெட்டகம். இன்டெல் பொறிகளில் பி.டி.டி. என்றும், ஏ.எம்.டி. பொறிகளில் எஃப்.டி.பி.எம். என்றும் செயலியோடு சேர்ந்தே அது இருக்கக் கூடும். கடையில் பாகங்களைச் சேர்த்துக் கட்டித்தரும் பொறிகளில் இது பெரும்பாலும் அணைத்தே வைக்கப்பட்டிருக்கும்.

இவற்றாலேயே முழுக் காவல் கிடைத்துவிடாது. 2023இல் ஆராயப்பட்ட பிளாக்லோட்டஸ் என்னும் தீநிரல், பழைய ஓட்டை ஒன்றின் வழியே செக்யூர் பூட்டையும் ஏய்த்தது. பூட்டும் வேண்டும், அவ்வப்போது வரும் திருத்தங்களும் வேண்டும்.

நிற்க. அமைப்பை மாற்றுவது சில நிமிட வேலை; அவசரம்தான் ஆபத்து. முதலில் குடும்பப் படங்களையும் ஆவணங்களையும் வெளித்தட்டில் படியெடுத்து வையுங்கள். பிட்லாக்கர் என்னும் மறையீடு இயங்குமாயின், அதன் 48 இலக்க மீட்புச் சாவியைத் தாளில் எழுதிப் பத்திரப்படுத்துங்கள். அமைப்பு மாறியதும் பொறி அதைக் கேட்கக் கூடும். அதனைத் தர இயலாதோர் தம் கோப்புகளையே இழக்க நேரிடும். அடுத்து, சிஸ்டம் இன்ஃபர்மேஷன் பக்கத்தில் பயாஸ் மோடு எனும் வரியைக் காணுங்கள். அங்கு லெகசி என்றிருந்தால், வன்தட்டின் பிரிவுமுறையை ஜி.பி.டி. முறைக்கு மாற்றிய பின்னரே யு.இ.எஃப்.ஐ.க்கு மாறவேண்டும், இன்றேல் பொறி எழாது. இதற்கான கருவி விண்டோஸிலேயே உண்டு. ஆயினும் பழக்கமுள்ள ஒருவரை அருகில் வைத்துக்கொள்வது நலம்.

பின்னர் பொறியை அணைத்து, மீண்டும் எழுப்பும்போது டெலீட் அல்லது எஃப் 2 விசையை அழுத்தினால் அமைப்புப் பக்கம் திறக்கும். விசை பொறிக்குப் பொறி மாறும். அங்கே இரண்டையும் முடுக்கிச் சேமிக்க வேண்டும். ஆசிரியரின் பொறி இவ்வாறே தேறியது. கட்டணப் பணமும் தப்பியது.

இன்டெல் செயலி 8ஆம் தலைமுறைக்கு முற்பட்டதாயின், சில விலக்குகள் நீங்கலாக, இம்முயற்சி பயன் தராது. அத்தகையோர் விலையின்றிக் கிடைக்கும் லினக்ஸை முயன்று பார்க்கலாம். தட்டச்சிற்கும் பிள்ளைகளின் பாடத்திற்கும் அது போதும்.