குன்றேறும் பழைய தலைநகர்



நம் கிழக்குக் கரையின் கதையைப் பேசும்போது 1626ஆம் ஆண்டைச் சொல்லாமல் யாரும் கடந்து போவதில்லை. போர்த்துக்கேயர் தம் ஆட்சிக்குட்பட்ட பகுதிகளிலிருந்து முஸ்லிம்களை வெளியேற்றினர். கண்டி மன்னன் செனரத் அவர்களுக்குப் புகலிடம் அளித்து, ஏறத்தாழ நாலாயிரம் பேரை மட்டக்களப்புப் பகுதியில் குடியேற்றினான். கல்முனைக் கரையினர் எல்லோரும் அவர்கள் வழிவந்தவர்கள் என்று சொல்லிவிட முடியாது. அதற்கு முன்பே இக்கரையில் நம்மவர் வாழ்ந்தார்கள். எனினும் அந்தச் செய்தியை எழுதி வைத்தவர் யார்? பெர்னாவோ டி குவேறோஸ் என்ற இயேசு சபைப் பாதிரியார். இலங்கை பற்றிய தமது பெருநூலை 1687இல் அவர் முடித்தார். மறு ஆண்டு கோவாவில் காலமானார்.

கொழும்பிலிருந்த போர்த்துக்கேயத் தளபதி கோவாவின் வைஸ்ராய்க்குக் கட்டுப்பட்டவர். ஆகவே பழைய கோவாவை ஒரு நாள் காலாற நடந்து பார்ப்பது, நம் காணி உறுதியின் ஒரு பக்கத்தை அடுத்தவர் பெட்டகத்தில் தேடிப் பார்ப்பது போன்றது.

பனாஜி நகரிலிருந்து கிழக்கே பத்துக் கிலோமீற்றர் அளவில், மாண்டோவி ஆற்றங்கரையில் தொடங்கிக் குன்றுகளில் ஏறுகிறது இந்தப் பழைய பட்டினம். ஆற்றங்கரையிலேயே நடையைத் தொடங்குவது நல்லது. புதிதாக வரும் வைஸ்ராய்மார் நுழைந்த வளைவு அங்கே நிற்கிறது. வாஸ்கோ ட காமாவின் நினைவாக அவரது கொள்ளுப்பேரன் எழுப்பியது. இடிந்து விழுந்து, 1954இல் திரும்பக் கட்டப்பட்டது.

சற்று மேலே போனால் புனித கஜேத்தான் ஆலயம். ரோமாபுரியின் புனித பேதுரு ஆலயத்தை மாதிரியாகக் கொண்டு 17ஆம் நூற்றாண்டில் கட்டியது. அதன் முன்னால் தனியே நிற்கும் கருங்கல் வாசலை வந்தவர்களில் பாதிப்பேர் கவனிப்பதில்லை. பீஜப்பூர் சுல்தான் யூசுப் ஆதில் ஷாவின் அரண்மனையில் எஞ்சியது அந்த வாசலும் சில படிகளும்தான். 1510 நவம்பர் 25இல் அல்புக்கேர்க் நகரைப் பிடித்தபோது முஸ்லிம்கள் கொன்று குவிக்கப்பட்டதை, அவரே தம் மன்னருக்கு எழுதிய கடிதத்தில் மகிழ்ச்சியோடு குறிப்பிட்டிருக்கிறார். சுல்தானின் அரண்மனையில் பிறகு வைஸ்ராய்மார் குடியிருந்தனர். வாசலின் வேலைப்பாட்டில் இந்துச் சிற்பிகளின் கைவண்ணம் தெரிகிறது. மூன்று காலங்கள் ஒரே கல்லில்! இந்த நடையில் நான் முதலிடம் கொடுப்பது இதற்குத்தான்.

அல்புக்கேர்க் வென்ற நாள் புனித கத்தரீனின் திருநாள். எனவே பேராலயம் அவர் பெயரில் அமைந்தது. 1562இல் தொடங்கிய வேலை பல பத்தாண்டுகள் நடந்தது. இரண்டு கோபுரங்களில் ஒன்று 1776இல் விழுந்தது; மீண்டும் கட்டப்படவில்லை. ஒற்றைக் கோபுரத்தோடே இன்றும் நிற்கிறது.

எதிரே, 1605இல் முடிந்த போம் ஜேசு ஆலயத்தில் புனித சவேரியாரின் உடல் வைக்கப்பட்டிருக்கிறது. பரோக் கலை என்றால் என்ன என்று இங்கே கண்ணால் கற்கலாம். பரோக் என்ற சொல் கோணல் முத்தைக் குறிக்கும் போர்த்துக்கேயச் சொல்லிலிருந்து வந்தது என்பார்கள். முத்துக் குளித்த மன்னார்க் கடலை ஆண்டவர்களுக்குப் பொருத்தமான சொல்! அமைதியான நேர்கோடுகளை விட்டு, முறுக்கிய தூண்கள், பொன் பூசிய மரச் செதுக்கல், அசைவது போன்ற உருவங்கள் என்று, பார்ப்பவனை மலைக்கச் செய்வதே அதன் வழி. வெளிச் சுவரோ சாந்து நீக்கப்பட்டு, நம் வயல் மண்ணைப் போலச் செந்நிறச் செம்பூராங்கல்லாக நிற்கிறது. உள்ளே பொன், வெளியே மண்.

இனி மேற்கே ஏற்றம். வெயில் ஏறுமுன் புறப்படுங்கள். மொன்ட்டே சாந்தோ என்ற திருக்குன்றில் புனித அகுஸ்தீன் மடத்தின் இடிபாடுகள். துறவற சபைகள் 1835இல் அகற்றப்பட்டதும் ஆலயம் பாழடைந்தது. 1842இல் கூரை வளைவு விழுந்தது, 1931இல் முகப்பும் கோபுரத்தின் பாதியும் சரிந்தன. மீதிக் கோபுரம் 46 மீற்றர் உயரத்தில் வானத்தைக் கிழித்து நிற்கிறது. கொள்ளைநோய்களே இந்நகரை வெறிதாக்கின. 1843இல் பனாஜி சட்டப்படி தலைநகரானது.

நம் நாட்டவர் இங்கே வேறு சிலவற்றையும் நினைக்க வேண்டியிருக்கிறது. யாழ்ப்பாணத்திலிருந்து 1560இல் எடுத்துச் சென்ற, புத்தரின் தந்தம் எனப்பட்ட பொருளை இந்நகரில்தான் பேராயர் உரலில் இட்டுப் பொடித்தார். யாழ்ப்பாணத்தின் கடைசி மன்னன் சங்கிலி குமாரன் இங்கு கொண்டுவரப்பட்டு 1623இல் கொல்லப்பட்டான். தமிழரும் சிங்களவரும் முஸ்லிம்களும் ஒரே வாசலில் நின்று நினைக்கும் ஊர் இதைப் போல் அதிகம் இல்லை.

மறுபுறம், கிழக்கே, புனித பவுல் கல்லூரியின் முகப்பு வாசல் மட்டும் தனியே நிற்கிறது. இந்தியாவின் முதல் அச்சகம் 1556இல் இங்கே நிறுவப்பட்டது. தமிழ் எழுத்துகள் கோவாவில் 1577இல் வார்க்கப்பட்டன. மறு ஆண்டு கொல்லத்தில் "தம்பிரான் வணக்கம்" அச்சானது. வாளோடு வந்தவர்களிடமிருந்து நம் மொழிக்கு அச்செழுத்தும் வந்தது.

அதற்கு மேலே மொன்ட்டே குன்று. உச்சியில் மாதா சிற்றாலயம். 1510 மே மாதத்தில் ஆதில் ஷாவின் பீரங்கிகள் இங்கிருந்துதான் சுட்டன என்று அங்குள்ள கல்வெட்டு சொல்கிறது. மாலையில் கீழே மாண்டோவியும் திவார் தீவும் தென்னைகளும் தெரியும். 1961 டிசம்பர் வரை இந்த ஆற்றில் போர்த்துக்கேயக் கொடி பறந்தது. நம் மட்டக்களப்பில் அவர்கள் 1628இல் கட்டிய கோட்டையோ பத்தே ஆண்டில் ஒல்லாந்தர் கைக்குப் போயிற்று. பனாஜிக்குத் திரும்பும் பஸ் கீழே பெருவீதியில் கிடைக்கும். இருட்டுமுன் இறங்கிவிடுங்கள்.