பார்த்தது மட்டும்தானே?



திருத்தணி அடங்கிய நம் திருவள்ளூர் மாவட்டத்தின் மகளிர் நீதிமன்றத்தில் ஒரு வழக்கு இருந்தது. சிறாரைப் பாலியல் வதைக்கு உள்ளாக்கும் படங்களை ஒருவர் தம் செல்பேசியில் வைத்திருந்தார் என்பது குற்றச்சாட்டு. பதிவிறக்கிப் பார்ப்பது மட்டும் குற்றமாகாது என்று கூறி, 2024 ஜனவரி 11-இல் சென்னை உயர் நீதிமன்றம் அவ்வழக்கை இரத்து செய்தது.

படத்திலிருக்கும் குழந்தை நீதிமன்றப் படியேறி முறையிட இயலாது. எனவே குழந்தைகள் உரிமைக் கூட்டமைப்பு ஒன்று மேல்முறையீடு செய்தது. 2024 செப்டம்பர் 23-இல் அப்போதைய தலைமை நீதிபதி சந்திரசூட், நீதிபதி பர்திவாலா அமர்வு அத்தீர்ப்பை நீக்கி, வழக்கைத் தொடரச் செய்தது.

பகிரும் எண்ணத்தோடு இத்தகைய படங்களை அழிக்காமலும், புகார் தெரிவிக்காமலும் வைத்திருப்பதே போக்சோ சட்டத்தின் 15-ஆம் பிரிவின்படி குற்றம், அனுப்பியிருக்க வேண்டியதில்லை. 'குழந்தை ஆபாசப் படம்' என்னும் சொல்லையும் கைவிடச் சொன்னது உச்ச நீதிமன்றம். அது வெறும் படமல்ல. ஒரு குழந்தைக்கு நேர்ந்த கொடுமையின் பதிவு.

குற்றம் சாட்டப்பட்டவர் குற்றவாளி என்று இத்தீர்ப்பு சொல்லவில்லை. தண்டனை பெறும் எவருக்கும் மேல்முறையீட்டு உரிமை உண்டு. அதை நாம் மதிக்க வேண்டும்.

நம் கடமை வேறு. குற்றத்தை அறிந்தவர் காவல்துறைக்குத் தெரிவித்தாக வேண்டும் என்கிறது 19-ஆம் பிரிவு. பங்குப் பணியாளர்களாகிய நமக்கும் விலக்கில்லை. குடும்ப மானம், பங்கின் பெயர் என்று மூடி மறைத்தால், அக்குழந்தையை மீண்டும் கைவிடுகிறோம். 1098 என்னும் சிறார் உதவி எண்ணை ஒவ்வொரு வீட்டிலும் எழுதி வைப்போம்.