குற்றங்களை ஒழிக்க விஞ்ஞானத்தால் முடியுமா?

மனிதன் சந்திரனிலே காலடி பதித்துவிட்டான். கண்ணுக்குப் புலனாகாத நோய்க் கிருமிகளையும் இனங்கண்டு அழிக்கின்றான். இத்துணை வல்லமை படைத்த விஞ்ஞானத்திற்குக் களவையும் கொலையையும் உலகினின்று ஒழித்துவிட இயலாதா? மாணவர் பலருடைய உள்ளத்திலே எழக்கூடிய வினா இது. விடை காண்பதற்கு மூன்று உண்மை நிகழ்ச்சிகளை ஆராய்வோம்.

பூட்டும் திருடனும்

குற்றத்தைத் தடுப்பதற்கு மனிதன் கண்ட பழைய கருவிகளுள் ஒன்று பூட்டு. இங்கிலாந்தைச் சேர்ந்த ஜோசப் பிரமா என்பவர் 1784ஆம் ஆண்டிலே புதுவகைப் பூட்டொன்றிற்குக் காப்புரிமை பெற்றார். அதனைத் திறவுகோலின்றித் திறக்க வல்லவருக்கு 200 கினி பரிசு என்ற அறிவித்தலுடன், அவருடைய இலண்டன் கடையின் யன்னலிலே அப்பூட்டு வைக்கப்பட்டிருந்தது. அறுபது ஆண்டளவாக அப்பரிசை ஒருவரும் பெற்றிலர். 1851ஆம் ஆண்டு நடந்த மாபெருங் கண்காட்சிக்காக அந்நகருக்கு வந்த ஹொப்ஸ் என்னும் அமெரிக்கப் பூட்டு வல்லுநர், பல நாட்களாக மொத்தம் ஐம்பது மணித்தியாலமளவு முயன்று, அதனைத் திறந்து காட்டினார். ஒருவனுடைய மூளை பூட்டியதை மற்றொருவனுடைய மூளை திறந்துவிட்டது! பூட்டுத் திருடனைத் தாமதிக்கச் செய்யும். அதுவும் பெரும் பயனே. ஆயினும் திருடவேண்டும் என்ற எண்ணத்தைப் பூட்டிவைக்க அதனால் இயலாது.

இரத்தப் பரிசோதனையும் ஒரு பெண்ணின் மனச்சாட்சியும்

தடுக்க இயலாவிடினும், குற்றவாளியைக் கண்டுபிடிக்கவேனும் விஞ்ஞானம் உதவுமன்றோ? உதவும். இங்கிலாந்தின் லெஸ்ற்றர் நகருக்கு அண்மையிலுள்ள நார்பரோ என்னும் கிராமத்திலே, 1983ஆம் ஆண்டு பதினைந்து வயதுச் சிறுமி ஒருத்தி கொலை செய்யப்பட்டாள். கொலையாளியின் உடற்சான்று பொலிசாரிடம் இருந்தது, ஆள் அகப்படவில்லை. மறு ஆண்டிலே, சில மைல் தொலைவிலிருந்த லெஸ்ற்றர் பல்கலைக்கழகத்தில், அலெக் ஜெப்ரிஸ் என்னும் விஞ்ஞானி மரபணுவைக் கொண்டு ஆளை அடையாளங் காணும் முறையைக் கண்டுபிடித்தார். எனினும், 1986ஆம் ஆண்டு அயற்கிராமமாகிய எண்டர்பியிலே இன்னொரு பதினைந்து வயதுச் சிறுமி அதே விதமாக மாண்டாள்.

இரண்டாவது கொலையைச் செய்தவன் தானே என்று பதினேழு வயது இளைஞன் ஒருவன் ஒப்புக்கொண்டான். ஆனால் ஜெப்ரிஸின் பரிசோதனையோ இரு கொலைகளையும் செய்தவன் ஒருவனே என்றும், அவன் இவ்விளைஞனல்லன் என்றும் நிறுவியது. ஆய்வுகூடம் இல்லாதிருந்தால் ஒரு நிரபராதியின் வாழ்வு சிறையிலே கழிந்திருக்கும். விஞ்ஞானத்தின் இப்பெருமையை நாம் ஒருகாலும் மறத்தலாகாது.

1987ஆம் ஆண்டு அச்சுற்றுப்புற ஆடவர் ஏறத்தாழ ஐயாயிரம் பேரின் மாதிரிகள் பெறப்பட்டன. கொலையாளியின் மரபணுவோடு ஒன்றும் ஒத்துவரவில்லை! காரணம் யாது? பேக்கரி ஒன்றில் வேலை செய்த கொலின் பிற்ச்போர்க் என்பவன், தன்னுடன் வேலை செய்த ஒருவனைத் தன் பெயரிலே இரத்தங் கொடுக்கும்படி இணங்கச் செய்திருந்தான். அந்நண்பன் பின்னர் ஒரு மதுச்சாலையிலே இதனைப் பேச்சோடு பேச்சாக வெளியிட்டான். கேட்டிருந்த பெண் ஒருத்தி, சில வாரங்களின் பின் பொலிசாரிடம் தெரிவித்தாள். செப்டெம்பரிலே பிற்ச்போர்க் கைதானான். 1988இல் ஆயுட் சிறைத் தண்டனை பெற்றான். பரிசோதனையில் பிழையில்லை, அதனை ஏமாற்றியவனும் மனிதன், அவ்வேமாற்றத்தை வெளிப்படுத்தியவளும் மனிதப் பிறவியே. "நமக்கேன் வீண் தொல்லை?" என்று அவள் வாளாவிருந்திருப்பின் என்ன நேர்ந்திருக்கும்!

இல்லாத பெண்ணைத் தேடிய கதை

கருவியை நம்பி அறிவு அயர்ந்தால் வேறோர் ஆபத்தும் உண்டு. 2007ஆம் ஆண்டு ஜேர்மனியின் ஹைல்புரோன் நகரிலே இளம் பெண் பொலிஸ் ஒருவர் சுட்டுக் கொல்லப்பட்டார். அங்கே கிடைத்த மரபணு அறியப்படாத ஒரு பெண்ணுடையது. அதே மரபணு ஜேர்மனியிலும் ஒஸ்திரியாவிலும் பிரான்சிலுமாக ஏறத்தாழ நாற்பது குற்றங்களிலே காணப்பட்டது. அவளைப் பிடிக்க 3 இலட்சம் யூரோ பரிசும் அறிவிக்கப்பட்டது. 2009ஆம் ஆண்டிலே உண்மை வெளியாயிற்று. சான்றுகளைத் துடைத்தெடுக்கும் பஞ்சுக் குச்சிகளைப் பொதிசெய்த தொழிலாளப் பெண் ஒருவரின் மரபணுவே அது! அத்தகைய கொலைகாரி ஒருத்தி உலகிலே இருந்ததேயில்லை. நாஜிக் கொள்கை கொண்ட இரகசியக் குழுவொன்றின் செயலே அக்கொலை என்பது 2011ஆம் ஆண்டிலேதான் தெரியவந்தது.

நாம் அறியவேண்டியது

இம்மூன்று நிகழ்ச்சிகளாலும் விஞ்ஞானம் பயனற்றதென்று முடிவு செய்வது பேதைமை. பிடிபடுவோம் என்ற அச்சத்தினால் தீயவர் சிலர் தயங்குவதும் உண்மையே. ஆனால், "செய்தவன் யார்?" என்ற வினாவிற்கே ஆய்வுகூடம் விடை தருகின்றது, அவ்விடை கிடைக்கும் வேளையில் நார்பரோச் சிறுமியின் தாய்க்கு மகள் இல்லை. "செய்யலாமா?" என்ற வினா எழுவது மனித உள்ளத்திலே. அங்கே எந்தக் கருவியும் நுழைய முடியாது.

அவ்வுள்ளம் பண்படுவது வீட்டிலும் பள்ளிக்கூடத்திலும் அயலவர் நடுவிலுமே. பிள்ளை முதன்முதலாகப் பிறர் பொருளை எடுத்துவரும்போது, அதனைத் திருப்பிக் கொடுத்துவர அழைத்துச் செல்லும் தாயும், நண்பனின் தீச்செயலுக்குத் துணைபோக மறுக்கும் மாணவனும், கண்ட அநீதியை அஞ்சாது எடுத்துரைக்கும் அயலவரும் செய்யும் பணியை விஞ்ஞானம் நமக்காகச் செய்து தரமாட்டாது. அப்பணி நம்முடையதே.