எரிவாயுச் சான்றும் இல்லப் பாதுகாப்பும்

நுழையும்முன்

விறகடுப்பின் புகை கண்ணைக் கரிக்கும். மண்ணெண்ணெய் சிந்தினால் தரையில் தெரியும். எரிவாயுவின் கசிவோ கண்ணுக்குப் புலப்படாது. காணமுடியாத ஆபத்திலிருந்து ஒரு வீட்டைக் காக்கும் பொறுப்பு யாருடையது? அவ்வீட்டுக்கு உரிமையுடையவருடையதா, அதில் குடியிருப்பவருடையதா? பிரிட்டன் நாடு இவ்வினாவிற்குச் சட்டத்தின் வழியே விடை கண்ட முறையையும், நம் சமையலறைக்கு அது உணர்த்தும் செய்தியையும் இப்பாடம் விளக்குகிறது.

நட்டு ஒன்று உணர்த்திய பாடம்

இலண்டன் மாநகரின் கிழக்குப் பகுதியில் 'ரோனன் பாயிண்ட்' என்னும் 22 மாடி அடுக்ககம் ஒன்று எழுப்பப்பட்டது. அங்கு மக்கள் குடியேறத் தொடங்கி இரண்டு திங்களே ஆகியிருந்தன. 1968ஆம் ஆண்டு மே 16ஆம் நாள் விடியற்காலையில், 18ஆம் மாடியில் வாழ்ந்த பெண்மணி ஒருவர் தேநீர் தயாரிப்பதற்காகத் தீக்குச்சியைக் கிழித்தார். இரவில் கசிந்து அறையில் நிறைந்திருந்த எரிவாயு அந்நொடியே வெடித்தது. வெடிப்பின் வேகத்தில் அவ்வீட்டின் வெளிச்சுவர்கள் பெயர்ந்து விழுந்தன. அச்சுவர்களே மேல்மாடிகளைத் தாங்கி நின்றவை. எனவே மேலிருந்த மாடிகள் சரிந்தன. அவற்றின் சுமை தாங்காமல் கீழிருந்தவையும் சரிந்தன. கட்டடத்தின் ஒரு மூலை முழுவதும் இடிந்து வீழ்ந்தது. நால்வர் உயிரிழந்தனர், 17 பேர் காயமுற்றனர். தீக்குச்சியைக் கிழித்த பெண்மணியோ உயிர் பிழைத்தார்.

இவ்விபத்தை ஆராய்ந்த விசாரணைக் குழு, அடுப்பையும் எரிவாயுக் குழாயையும் இணைத்திருந்த பித்தளை நட்டு தரக்குறைவானது என்று கண்டறிந்தது. உள்ளங்கையில் அடங்கும் அந்நட்டு விரிசல் கண்டதே இத்துணைப் பேரழிவுக்கும் தொடக்கமாக அமைந்தது. அச்சாணி இல்லாத தேர் முச்சாணும் ஓடாது என்பர் நம் முன்னோர். எரிவாயு இணைப்பில் ஒவ்வொரு நட்டும் ஓர் அச்சாணியே.

அவ்வீட்டில் குடியிருந்தவருக்கு அந்த நட்டின் தரத்தை அறியும் வழி ஏதுமில்லை. அதனை அறிந்து சொல்லும் தகுதி பெற்றவர் ஒருவர் தேவை என்னும் எண்ணம் இவ்விபத்திற்குப் பின் வலுப்பெற்றது. எரிவாயுப் பணியாளர்களைப் பதிவு செய்வதற்கென 1970ஆம் ஆண்டில் 'கார்கி' என்ற சுருக்கப் பெயருடைய அமைப்பு தோன்றியது. முதலில் விருப்பத்தின் அடிப்படையில் இருந்த பதிவு, 1991ஆம் ஆண்டில் கட்டாயமாயிற்று. 2009ஆம் ஆண்டு ஏப்ரல் முதல் நாள்தொட்டு 'கேஸ் சேஃப் ரிஜிஸ்டர்' என்னும் பதிவேடு அப்பணியை ஏற்று நடத்தி வருகிறது. இன்று பிரிட்டனில் இப்பதிவேட்டில் இடம்பெறாத எவரும் எரிவாயுக் கருவி பொருத்துவதையோ பழுதுபார்ப்பதையோ தொழிலாகச் செய்தல் சட்டப்படி குற்றமாகும்.

இருவகை ஆபத்துகள்

எரிவாயுவால் விளையும் ஆபத்துகளை இரண்டாகப் பகுத்துக் காணலாம். ஒன்று, எரியாமல் கசியும் வாயுவால் நேர்வது. இதன் விளைவு தீயும் வெடிப்பும். மற்றொன்று, முழுமையாக எரியாத வாயுவால் நேர்வது. இதன் விளைவு நச்சுத்தன்மை.

இயற்கை எரிவாயுவின் முதன்மைப் பொருள் மீத்தேன். ஒரு பங்கு மீத்தேன் முழுமையாக எரிவதற்கு ஏறத்தாழப் பத்துப் பங்கு காற்று வேண்டும். அந்த அளவு காற்று கிடைக்கும்போது கார்பன் டைஆக்சைடும் நீராவியும் உண்டாகின்றன. அறையின் காற்றுவழி அடைபட்டாலோ, புகைபோக்கியில் பறவை கூடு கட்டினாலோ, கருவியின் எரிமுனையில் தூசி படிந்தாலோ எரிதல் குறைவுபடும். அப்போது உண்டாவதே கார்பன் மோனாக்சைடு. இதற்கு நிறமில்லை, மணமில்லை, சுவையுமில்லை.

நம் குருதியிலுள்ள ஹீமோகுளோபின், ஆக்சிஜனைப் பற்றுவதைவிட 200 மடங்கிற்கும் மேலான ஆற்றலுடன் கார்பன் மோனாக்சைடைப் பற்றிக்கொள்கிறது. இதனால் உடலுக்கு வேண்டிய ஆக்சிஜன் கிடைப்பதில்லை. தலைவலி, தலைச்சுற்றல், குமட்டல், சோர்வு, மனக்குழப்பம் ஆகியன இதன் அறிகுறிகள். இவை சளிக்காய்ச்சலின் அறிகுறிகளைப் போலவே இருப்பதால் பலரும் ஏமாந்துவிடுகின்றனர். வீட்டிலுள்ள அனைவருக்கும் ஒரே வேளையில் தலைவலி தோன்றுவதும், வெளியே சென்றதும் அது குறைவதும் எச்சரிக்கைக்குரிய அடையாளங்கள். உறங்குபவருக்கோ இந்த எச்சரிக்கையும் கிட்டுவதில்லை.

பிரிட்டனில் குளிர்காலத்தில் கதவும் சன்னலும் அடைத்தே கிடக்கும். வீட்டை வெப்பப்படுத்தவும் வெந்நீர் தரவும் எரிவாயுக் கொதிகலன்கள் தொடர்ந்து இயங்கும். இத்தகைய சூழலில் ஆண்டுதோறும் ஆய்வு செய்ய வேண்டியதன் தேவை எளிதில் விளங்கும்.

தெரிந்து தெளிவோம்

> இயற்கை எரிவாயுவிற்கு மணம் கிடையாது. 1937ஆம் ஆண்டு மார்ச் 18ஆம் நாள் அமெரிக்காவின் டெக்சாஸ் மாநிலத்திலுள்ள நியூ லண்டன் என்னும் ஊரில், பள்ளிக் கட்டடத்தின் அடியில் கசிந்து தேங்கிய இயற்கை எரிவாயு வெடித்தது. மாணவரும் ஆசிரியருமாக ஏறத்தாழ 300 பேர் மாண்டனர். அதன்பின் எரிவாயுவுடன் கடுநாற்றம் வீசும் பொருளைக் கலக்க வேண்டும் என்று அம்மாநிலம் சட்டம் இயற்றியது. நம் சமையல் எரிவாயுவில் உணரும் நாற்றமும் 'எத்தில் மெர்காப்டன்' என்னும் பொருளைக் கலப்பதால் உண்டாவதே.

சட்டம் சுமத்தும் பொறுப்பு

பிரிட்டனில் '1998ஆம் ஆண்டின் எரிவாயுப் பாதுகாப்பு விதிகள்' நடைமுறையில் உள்ளன. வாடகைக்கு விடப்படும் வீட்டில் உரிமையாளர் அமைத்துத் தந்த எரிவாயுக் கருவிகளையும் அவற்றின் புகைபோக்கிகளையும் பன்னிரண்டு திங்களுக்கு ஒருமுறை பதிவுபெற்ற பொறியாளரைக்கொண்டு ஆய்வு செய்விப்பது உரிமையாளரின் கடமை என அவ்விதிகள் வரையறுக்கின்றன. ஆய்வு முடிந்த 28 நாள்களுக்குள் அதன் பதிவைக் குடியிருப்பவரிடம் அளித்தல் வேண்டும். புதிதாகக் குடிவருவோருக்கு அவர் வீட்டினுள் நுழைவதற்கு முன்பே அதனை வழங்குதல் வேண்டும். வாடகைதாரர் தாமே வாங்கிவந்த அடுப்பு போன்ற கருவிகள் இக்கடமைக்குள் அடங்கா.

பொறுப்பை உரிமையாளர்மீது சுமத்தியதற்குத் தக்க காரணம் உண்டு. சுவரைத் திறந்து குழாயை மாற்றும் உரிமை வாடகைதாரருக்கு இல்லை. கொதிகலனைத் தேர்ந்தெடுத்தவரும் அவரல்லர். ஆயினும் அவ்வீட்டில் இரவில் உறங்குபவர் அவரே. முடிவெடுக்கும் உரிமை ஒருவரிடமும் ஆபத்தை அனுபவிக்கும் நிலை மற்றொருவரிடமும் இருக்கும்போது, உரிமையுள்ளவரைக் கடமையால் பிணைப்பதே நீதியாகும்.

சொந்த வீட்டில் வாழ்பவர்க்கு இத்தகைய ஆண்டாய்வுக் கட்டாயம் இல்லை. எனினும் அது வலியுறுத்திப் பரிந்துரைக்கப்படுகிறது.

ஆய்வும் பதிவும்

ஆய்வுக்கு வரும் பொறியாளர் முதலில் தம் அடையாள அட்டையைக் காட்டுவார். எப்பணிகளுக்கு அவர் தகுதி பெற்றவர் என்பது அவ்வட்டையில் குறிக்கப்பட்டிருக்கும். வழக்கமாக அவர் குழாய்களில் அழுத்தம் குறைகிறதா என அளந்து கசிவு உண்டா என்பதை அறிவார். எரிதலால் உண்டாகும் புகை அறைக்குள் திரும்பாமல் வெளியேறுகிறதா எனப் பார்ப்பார். போதிய காற்று வருகிறதா, கருவி குறித்த அழுத்தத்தில் இயங்குகிறதா, சுடர் அணைந்தால் வாயுவைத் தானே நிறுத்தும் அமைப்பு செயல்படுகிறதா என்பனவற்றையும் சோதிப்பார். சுடர் நீலநிறமாக இருப்பது நன்று. மஞ்சள் சுடரும் கரிப்படிவும் பல கருவிகளில் குறையின் அறிகுறிகளாகும்.

உடனடி ஆபத்து விளைக்கும் குறை ஏதேனும் கண்டால், வீட்டில் இருப்பவரின் இசைவு பெற்று அக்கருவியின் இணைப்பைத் துண்டித்து, அதன்மீது எச்சரிக்கைச் சீட்டையும் ஒட்டுவார்.

இறுதியில் எழுதப்படும் பதிவில் ஆய்வு நடந்த நாள், வீட்டின் முகவரி, உரிமையாளரின் பெயர், ஒவ்வொரு கருவியும் அமைந்துள்ள இடம், கண்ட குறைகள், அவற்றைக் களைய எடுத்த நடவடிக்கை, பொறியாளரின் பெயர், பதிவெண், கையொப்பம் ஆகியன இடம்பெறும்.

சான்றின் எல்லை

பொதுமக்கள் இதனைச் 'சான்றிதழ்' என்றே வழங்குகின்றனர். ஆனால் இதன் முறையான பெயர் 'பதிவு' என்பதாகும். இவ்விரு சொற்களுக்கும் இடையேயுள்ள வேறுபாடு எண்ணத்தக்கது. சான்றிதழ் என்றதும் இனி அச்சமில்லை என்னும் உறுதி மனத்தில் எழுகிறது. பதிவோ இன்ன நாளில், இன்னார், இன்னவற்றைச் சோதித்தார் என்பதை மட்டுமே கூறுகிறது. மறுநாளே புகைபோக்கி அடைபடலாம்; குளிருக்கு அஞ்சிக் காற்றுவழியைத் துணியால் அடைப்பவரும் உண்டு. அவ்வாறு அடைத்த அறையைச் சுவரில் மாட்டிய தாள் காக்காது.

அதனால்தான் இங்கிலாந்தில் 2022ஆம் ஆண்டு அக்டோபர் முதல், நிலையாகப் பொருத்தப்பட்ட எரிகருவி உள்ள வாழறைகளில் கார்பன் மோனாக்சைடு எச்சரிக்கைக் கருவியையும் வீட்டு உரிமையாளர் பொருத்த வேண்டும் என்று விதிக்கப்பட்டது. சமையலடுப்புக்கு மட்டும் இதில் விலக்கு உண்டு. ஆண்டுக்கு ஒருமுறை மனிதர் செய்யும் சோதனையும், நாள்தோறும் கருவி செய்யும் காவலும், குடியிருப்பவரின் விழிப்பும் ஒன்றுசேரும்போதே பாதுகாப்பு முழுமை பெறுகிறது.

நம் சமையலறை

நம் நாட்டில் பெரும்பாலான வீடுகளில் உருளையில் அடைத்த திரவ எரிவாயுவே பயன்படுகிறது. வீட்டு உருளை ஒன்றில் 14.2 கிலோகிராம் எரிவாயு இருக்கும். குழாய்வழி வரும் இயற்கை எரிவாயு காற்றைவிட இலேசானது, கசிந்தால் மேலெழும். திரவ எரிவாயு காற்றைவிடக் கனமானது. கசிந்தால் தரையில் படர்ந்து தாழ்வான இடங்களில் தேங்கும். எனவே உருளையைப் பள்ளத்திலோ காற்றோட்டமற்ற அலமாரியிலோ வைத்தலாகாது. அடுப்பு உருளையைவிட உயரத்தில் இருத்தல் வேண்டும்.

இங்கும் ஐந்து ஆண்டுகளுக்கு ஒருமுறை எரிவாயு முகவரின் பணியாளர் வீட்டுக்கு வந்து இணைப்பைச் சோதிக்கும் கட்டாய ஆய்வு உண்டு. அடுப்பையும் ரெகுலேட்டரையும் இணைக்கும் இரப்பர்க் குழாயையும் ஐந்து ஆண்டுகளுக்குள் மாற்றுதல் வேண்டும். உருளையின் மேற்புறத்தில் அடுத்த சோதனைக்குரிய காலம் எழுதப்பட்டிருக்கும். 'ஏ' முதல் 'டி' வரையிலான ஆங்கில எழுத்துகள் ஆண்டின் நான்கு காலாண்டுகளைக் குறிக்கும்; உடனுள்ள எண் ஆண்டைக் குறிக்கும். 'பி 27' என்றிருந்தால் 2027ஆம் ஆண்டு சூன் வரை எனக் கொள்ளலாம். காலங்கடந்த உருளையைப் பெற மறுக்கும் உரிமை நமக்குண்டு.

பிரிட்டனின் நிலைக்கும் நம் நிலைக்கும் முதன்மையான வேறுபாடு ஒன்று உள்ளது. இங்கு எரிவாயு இணைப்பு பெரும்பாலும் குடியிருப்பவரின் பெயரிலேயே இருக்கும், அடுப்பும் அவருடையதே. ஆகவே ஆய்வுக்கு வருபவரை வரவேற்பதும், குழாயைக் காலத்தில் மாற்றுவதும் அவர்தம் பொறுப்பாகின்றன. சமையலறைக்குச் சன்னலும் காற்றுவழியும் அமைத்துத் தருவதோ வீட்டு உரிமையாளரின் கையில் உள்ளது. குளியலறைக்குள் எரிவாயு வெந்நீர்க் கருவியைப் பொருத்திக் காற்றுவழியின்றிக் கதவைச் சாத்திக் குளிப்போர் கார்பன் மோனாக்சைடால் மயங்கி உயிரிழக்கும் செய்திகளை நாளிதழ்களில் காண்கிறோம். அத்தகைய கருவியைக் குளியலறைக்கு வெளியே, காற்றோட்டமுள்ள இடத்தில் பொருத்துவதே அறிவுடைமை.

கசிவின் நாற்றம் உணர்ந்தால் மின் விசையைப் போடவும் கூடாது; அணைக்கவும் கூடாது. சிறு தீப்பொறியும் வெடிப்புக்குப் போதுமானது. அடுப்பையும் ரெகுலேட்டரையும் மூடிக் கதவு, சன்னல்களைத் திறந்துவிட்டு, வீட்டிலுள்ளோரை வெளியேற்ற வேண்டும். வெளியே சென்ற பின்னரே 1906 என்னும் அவசர உதவி எண்ணை அழைத்தல் வேண்டும்.

ஆய்வுக்கு வரும் பணியாளரை, "இன்று நேரமில்லை, கையெழுத்து மட்டும் போட்டுத் தருகிறோம்" என்று வாசலிலேயே திருப்பியனுப்பும் வழக்கம் சில வீடுகளில் உண்டு. அவ்வாறு பெறும் தாளில் நாளும் பெயரும் கையொப்பமும் இருக்கும்; சோதனை மட்டும் இருக்காது. ரோனன் பாயிண்டில் விரிசல் கண்ட நட்டைத் தகுதியுள்ள ஒருவர் உற்று நோக்கியிருந்தால் நான்கு உயிர்கள் காப்பாற்றப்பட்டிருக்கக்கூடும். அடுத்த முறை பணியாளர் வந்து கதவைத் தட்டும்போது அவரைச் சமையலறைவரை அழைத்துச் சென்று, அவர் சோதிப்பதை அருகிலிருந்து காண்போம், அதன்பின் கையொப்பமிடுவோம்.

கற்பவை கற்றபின்

1. உங்கள் வீட்டு எரிவாயு உருளையில் எழுதப்பட்டுள்ள சோதனைக் காலத்தையும், இரப்பர்க் குழாயில் அச்சிடப்பட்டுள்ள ஆண்டையும் பெரியவர் ஒருவரின் துணையுடன் குறித்து வந்து வகுப்பில் பகிர்க.

2. 'சான்றிதழ்', 'பதிவு' ஆகிய இரு சொற்கள் உணர்த்தும் பொருள் வேறுபாட்டைப் பாடத்தின் வழிநின்று விளக்குக.

3. 'வாடகை வீட்டின் பாதுகாப்பு உரிமையாளரின் கடமையே. குடியிருப்பவரின் கடமையே' என்னும் தலைப்பில் வகுப்பறையில் சொற்போர் நிகழ்த்துக.