ஒண்டுக்குடித்தனமா? தனிக்குடித்தனமா?

வீட்டிலேயே முறுக்கும் அதிரசமும் செய்து விற்கிறது, ஒரு குடும்பம்.

வெளியூர்க்காரர்களும் ஆர்டர் கொடுக்க வசதியாக, ஓர் இணையதளம் தொடங்க நினைக்கிறார்கள்.

"குறைந்த வாடகையில் இடம் கிடைக்கிறதாம். அது போதும்" என்கிறாள், தாய்.

"வேண்டாம் அம்மா. வி.பி.எஸ். என்று ஒன்று இருக்கிறது. வாடகை கூடுதல்தான். ஆனால் வேகமாக ஓடும்" என்கிறான், மகன்.

யார் சொல்வது சரி?

அணைக்காதீர்கள்!

இணையதளம் காற்றில் மிதப்பது அல்ல. அது ஒரு கம்ப்யூட்டரில் குடியிருக்கிறது. இரவு பகலாக ஓடும் அந்தக் கம்ப்யூட்டருக்கு "சர்வர்" என்று பெயர்.

உலகின் முதல் இணையதளத்தை உருவாக்கியவர், டிம் பெர்னர்ஸ்-லீ. ஜெனீவா நகருக்கு அருகே உள்ள செர்ன் ஆராய்ச்சிக் கூடத்தில் அவர் வேலை பார்த்தார். 1990-ம் ஆண்டு இறுதியில் அது ஓடத் தொடங்கியது. அவருடைய மேஜைக் கம்ப்யூட்டர்தான் சர்வர்! "இது சர்வர். அணைக்காதீர்கள்" என்று அதன்மேல் சீட்டு ஒட்டி வைத்தார்.

எல்லோராலும் சொந்தமாக சர்வர் வைத்துக் காப்பாற்ற முடியாது. ஆகவே, கம்பெனிகளிடம் வாடகைக்கு இடம் பிடிக்கிறார்கள்.

ஒரு கிணறு, பல வாளி

தாய் சொல்வது "ஷேர்டு ஹோஸ்டிங்". இது ஒண்டுக்குடித்தனம் போன்றது. ஒரே சர்வரில் நூற்றுக்கணக்கான இணையதளங்கள் குடியிருக்கும்.

வாடகை குறைவு. சர்வருக்குப் பூட்டுப் போடுவதும், ரிப்பேர் பார்ப்பதும் வீட்டுக்காரரான கம்பெனியின் பொறுப்பு.

தொல்லையும் உண்டு. கிணறு ஒன்று, வாளி பல. பக்கத்துக் குடித்தனத்தில் கல்யாணம் என்றால், நமக்குத் தண்ணீர் குறையும். அதுபோல, பக்கத்துத் தளத்தில் கூட்டம் சேர்ந்தால், நம் தளம் நொண்டும். நம் தளத்தில் கூட்டம் சேர்ந்தாலோ, "உங்களுக்கு இவ்வளவுதான்" என்று கம்பெனி அளவு வைக்கும்.

தனி மீட்டர்

மகன் சொல்லும் வி.பி.எஸ். தனிக்குடித்தனம். கட்டடம் அதேதான். ஆனால் தடுப்புப் போட்டுப் பிரித்து, தனிக் குழாயும் தனி மீட்டரும் கொடுத்திருப்பார்கள்.

இந்தத் தடுப்பு, செங்கல் சுவர் அல்ல. ஒரு பெரிய எந்திரத்தைப் பல எந்திரங்கள் போல நடக்க வைக்கும் புரோகிராம்! இந்த வித்தையை ஐ.பி.எம். கம்பெனி 1960-களிலேயே அமெரிக்காவில் செய்து காட்டியது.

நமக்கு என்று ஒதுக்கிய நினைவகம் நமக்கே. வேண்டிய புரோகிராமை நாமே போட்டுக் கொள்ளலாம்.

காவல் யார்?

சாவி நம் கையில் என்றால், காவலும் நம் தலையில்!

புதிய வி.பி.எஸ். ஓடத் தொடங்கிய சிறிது நேரத்திலேயே, எங்கிருந்தோ திருட்டுப் புரோகிராம்கள் வந்து பூட்டை ஆட்டிப் பார்க்கும். பழைய புரோகிராம்களை அவ்வப்போது புதுப்பிக்க வேண்டும். அசந்தால், வாடிக்கைக்காரர்களின் விலாசமும் போன் நம்பரும் திருடன் கைக்குப் போய்விடும். பல வருடம் பாடுபட்டுச் சேர்த்த நல்ல பெயர் ஒரே நாளில் போய்விடும்.

காவலையும் கம்பெனியே பார்த்துக் கொள்ளும் வி.பி.எஸ். உண்டு. அதற்கு வாடகை இன்னும் அதிகம்.

ஆகவே, தாய் மகனிடம் கேட்க வேண்டிய கேள்வி ஒன்றுதான். "நீ வேலைக்கு வெளியூர் போய்விட்டால், பூட்டை யார் பார்ப்பது?"

பதில் இல்லை என்றால், ஒண்டுக்குடித்தனமே நல்லது. தினம் பத்து இருபது ஆர்டருக்கு அது தாராளமாகப் போதும். தீபாவளி நெருக்கடியில் தளம் திணறுகிறதா? கவனித்துக் கொள்ள ஆளும் இருக்கிறதா? அப்போது தனிக்குடித்தனம் போகலாம்.

இணையதளத்தின் பெயரை உங்கள் பெயரிலேயே பதிவு செய்யுங்கள். வீடு மாறினாலும் விலாசம் மாறாது. முதல் வருட வாடகையை மட்டும் பார்த்து ஏமாறாதீர்கள். இரண்டாம் வருடம் எவ்வளவு என்று கேளுங்கள்.

நள்ளிரவில் தீ

2021-ம் ஆண்டு மார்ச் 10-ந்தேதி. பிரான்சு நாட்டில் ஸ்டிராஸ்பர்க் நகரம். ஓ.வி.எச். கம்பெனியின் சர்வர்கள் இருந்த ஐந்து மாடிக் கட்டடத்தில், நள்ளிரவுக்குப் பிறகு தீப்பிடித்தது. யாருக்கும் காயம் இல்லை. ஆனால் கட்டடம் எரிந்து நாசமாயிற்று. லட்சக்கணக்கான இணையதளங்கள் நின்று போயின.

வேறு இடத்தில் நகல் வைத்திருந்தவர்கள் மறுபடி தளத்தைத் திறந்தார்கள். நகல் இல்லாத பலர் எல்லாவற்றையும் இழந்தார்கள்.

ஒண்டுக்குடித்தனம், தனிக்குடித்தனம் என்று தீ பார்ப்பது இல்லை. எதில் குடியேறினாலும், வாரம் ஒரு முறை நகல் எடுத்து, வீட்டில் பத்திரமாக வைத்துக் கொள்ளுங்கள்.