வருஷா வருஷம் புது செல்போன்: புது மொந்தையில் பழைய கள்ளா?

கும்மிடிப்பூண்டி போகும் லோக்கல் ரெயில் எண்ணூரைத் தாண்டிவிட்டால் போதும். பெட்டிக்குள் நாலைந்து செல்போன்களில் 'விமர்சனம்' ஓட ஆரம்பித்துவிடும். காதில் மாட்டிக் கேட்கும் பழக்கமெல்லாம் நம்மவர்களுக்குக் கிடையாது. ஒருவர் பார்த்தால் பெட்டியே கேட்க வேண்டியதுதான்!

"கேமரா பரவாயில்ல... பேட்டரி ஓகே... ஆனா போன வருஷத்துக்கும் இதுக்கும் பெரிசா வித்தியாசம் இல்ல மக்களே!"

80 ஆயிரம் ரூபாய் போனைப் பற்றிய தீர்ப்பு இது. தீர்ப்பைக் கேட்டுக்கொண்டிருப்பவர் கையில் இருப்பதோ நாலு வருஷத்துக்கு முந்திய போன். கண்ணாடியில் கீறல். மீஞ்சூர் வருவதற்குள் பேட்டரி பாதியாகிவிடும்.

"அப்ப வாங்க வேணாங்கிறானா?"

"வேணாங்கிறான். ஆனா அவன் கையில புதுசு இருக்கு பாரு!"

சிரிப்பு ஒரு பக்கம் இருக்கட்டும். வருஷா வருஷம் வரும் புது மாடல், விமர்சகர்கள் எதிர்பார்க்கிற அளவுக்கு இருக்கிறதா? இல்லை என்றால், சிப்காட் தொழிலாளியும் திருவள்ளூர் கடைவீதிக்காரரும் ஏன் தவணை கட்டித் தவிக்க வேண்டும்?

ஒரு வாரத் தீர்ப்பு

விமர்சகர்கள் போனைக் கடையில் போய் வாங்குவது குறைவு. பெரும்பாலும் விற்பனைக்கு வருவதற்கு முன்பே கம்பெனியே அனுப்பி வைக்கும். இன்ன தேதி, இன்ன மணிக்கு மேல்தான் வாய் திறக்கலாம் என்று நிபந்தனையும் உண்டு. அதனால்தான் எல்லா விமர்சனமும் ஒரே ராத்திரியில் மழை மாதிரி கொட்டுகிறது. உபயோகித்துப் பார்த்தது என்னவோ ஒரு வாரம், பத்து நாள்.

காசு வாங்கிக்கொண்டு புகழ்பவர்களும் இருக்கிறார்கள். பணமோ பொருளோ வாங்கியிருந்தால் அதை வெளிப்படையாகச் சொல்ல வேண்டும் என்று 2023 ஜனவரியில் மத்திய நுகர்வோர் துறை விதிமுறை வெளியிட்டது. தவறான விளம்பரத்துக்கு 10 லட்சம் ரூபாய் வரை, மறுபடி செய்தால் 50 லட்சம் வரை அபராதம் போடவும் சட்டத்தில் இடம் இருக்கிறது.

ஆனால் நேர்மையான விமர்சகரிடமும் ஒரு கோளாறு உண்டு. அவர் புது மாடலைப் போன வருஷ மாடலோடு ஒப்பிடுகிறார். வாங்குகிறவர் அப்படி ஒப்பிடுவதில்லை. தன் பையில் இருக்கும் நாலு வருஷப் பழசோடுதான் ஒப்பிடுகிறார். விமர்சகருக்கு அலுப்பூட்டும் போன் இவருக்கு அதிசயமாக இருக்கும். வருஷா வருஷம் மாற்றுகிறவருக்கோ விமர்சகர் சொல்வதுதான் சரி. கொடுத்த காசுக்குக் கையில் ஒன்றும் மிஞ்சாது.

விலையும் அதே... முகமும் அதே!

ஐபோனையே எடுத்துக்கொள்ளலாம். 2020-ல் வந்த ஐபோன்-12 ஆரம்ப விலை 79 ஆயிரத்து 900 ரூபாய். 2024-ல் வந்த 16 வரை, ஐந்து வருஷமும் விலையில் ஒரு ரூபாய் மாறவில்லை. உள்ளே என்ன மாறியது? 2022-ல் வந்த 14-ல், 2021-ல் வந்த 13-ல் இருந்த ஏ-15 சிப்பு வகையையே வைத்தார்கள். திரையும் அதே ரகம். விமர்சகர்கள் கிழித்துத் தோரணம் கட்டினார்கள். அது நியாயம்தான்.

அந்த வருஷம் பெரிதாகப் பேசப்பட்ட வசதி, டவர் இல்லாத காட்டிலும் செயற்கைக்கோள் வழியாக உதவிக்கு அழைப்பது. அமெரிக்காவில் 2022 நவம்பரில் தொடங்கினார்கள். இந்தியாவில் வாங்கியவருக்கு அது வரவில்லை. வெளிநாட்டு விமர்சகர் கொடுத்த மார்க்கை நம்பி நம்மூரில் காசு கொடுத்தால் இப்படித்தான்.

2024-ல் இதைவிடப் பெரிய கூத்து. ஐபோன்-16 வந்தபோது, 'சிரி' என்ற குரல் உதவியாளுக்குப் புத்தி கூடப் போகிறது, நம் விஷயங்களை எல்லாம் நினைவில் வைத்துப் பதில் சொல்லும் என்று விளம்பரம் செய்தார்கள். 2025 மார்ச்சில், 'இன்னும் தயாராகவில்லை, தள்ளி வைக்கிறோம்' என்று ஆப்பிள் கம்பெனியே சொல்லிவிட்டது. அமெரிக்காவில் வழக்கும் போட்டுவிட்டார்கள்.

விமர்சகர்களின் வாய்க்குப் பலனே இல்லை என்றும் சொல்லிவிட முடியாது. சாதாரண ஐபோனின் திரை நொடிக்கு 60 தடவைதான் மாறுகிறது, 15 ஆயிரம் ரூபாய் போனில்கூட அதைவிட அதிகம் இருக்கிறதே என்று வருஷக் கணக்கில் திட்டித் தீர்த்தார்கள். 2025 செப்டம்பரில் வந்த 17-ல் 120 ஆக்கினார்கள். விலை 82 ஆயிரத்து 900 ஆனது. சேமிப்பு இடத்தையும் இரண்டு மடங்காக்கினார்கள். பொறுத்திருந்தவருக்கு லாபம், நடுவில் ஒவ்வொரு வருஷமும் வாங்கியவருக்கு?

விமர்சகர்களின் கணிப்பு தலைகுப்புற விழுந்த கதையும் இருக்கிறது. 2016 ஆகஸ்டில் சாம்சங் நோட்-7 வந்தபோது 'ஆஹா, ஓஹோ' என்று புகழ்ந்தார்கள். சில வாரத்தில் பேட்டரி தீப்பிடிக்க ஆரம்பித்தது. விமானத்தில் அதை ஆன் செய்யக்கூடாது என்று இந்திய விமானத்துறை உத்தரவு போட்டது. அக்டோபரில் உற்பத்தியையே நிறுத்தினார்கள். ஒரு வாரம் வைத்துப் பார்த்தவருக்கு அது தெரிய நியாயம் இல்லை.

நம்மூர்க் கைகள்

வேடிக்கை என்னவென்றால், உலகமே விமர்சிக்கும் இந்தப் போனைச் செய்கிற கைகளில் பல திருவள்ளூர் மாவட்டத்து விடுதிகளில் இருந்து கம்பெனி பஸ்சில் ஏறிப் போகின்றன. ஸ்ரீபெரும்புதூர் பக்கம் பாக்ஸ்கான் தொழிற்சாலையில் 2019-ல் ஐபோன் தயாரிப்பு தொடங்கியது. ஐபோன்-11 வெளியாகிப் பத்து மாதம் கழித்துத்தான் இங்கே தயாரானது. 13-க்கு ஏழு மாதம் ஆனது. 14-க்குச் சில வாரமே. 2023-ல் 15 வந்தபோது, முதல் நாள் விற்பனைக்கே தமிழ்நாட்டில் செய்த போன் கடைக்கு வந்துவிட்டது.

2021 டிசம்பரில் திருவள்ளூர் மாவட்டத்து விடுதி ஒன்றில் சாப்பாடு விஷமாகி, பெண் தொழிலாளர்கள் நூற்றுக்கும் மேற்பட்டோர் ஆஸ்பத்திரியில் சேர்ந்தார்கள். சென்னை-பெங்களூர் சாலையில் மறியல் நடந்தது. மூடப்பட்ட ஆலை 2022 ஜனவரி 12-ல்தான் திறந்தது. கேமராவுக்கு மார்க் போடுகிறார்கள், பேட்டரிக்கு மார்க் போடுகிறார்கள். விடுதிச் சாப்பாட்டுக்கு மார்க் போடும் வழக்கம் இல்லை!

சிப்காட் பரீட்சை

கும்மிடிப்பூண்டி சிப்காட்டில் உருக்காலையும் ரோலிங் மில்லும் நிறைய. அங்கே போனுக்கு வைக்கும் பரீட்சையே வேறு. உச்சி வெயிலில் திரை தெரிய வேண்டும். மெஷின் சத்தத்தில் மணி கேட்க வேண்டும். கீழே விழுந்தால் பிழைக்க வேண்டும். ராத்திரி ஷிப்டு முடியும் வரை சார்ஜ் நிற்க வேண்டும்.

ஐபோனை 35 டிகிரி வெப்பத்துக்கு மேல் உபயோகிக்க வேண்டாம், பேட்டரியின் சக்தி நிரந்தரமாகக் குறையலாம் என்று ஆப்பிளே எழுதி வைத்திருக்கிறது. சித்திரை, வைகாசியில் நம் பக்கம் நிழலிலேயே 40 டிகிரி அடிக்கிறது. உலைப் பக்கம் நிற்பவர் சட்டைப் பையில் என்ன கதி ஆகும்? ஏ.சி. அறையில் உட்கார்ந்து விமர்சிப்பவர் இதைச் சொல்வது அபூர்வம்.

தவணைப் பொறி

'வட்டி இல்லாத் தவணை' என்று கடை வாசலில் தட்டி தொங்குகிறது. வட்டியே இல்லாத கடன் என்று ஒன்று கிடையாது என 2013-லேயே ரிசர்வ் வங்கி சொல்லி, அப்படிப்பட்ட திட்டங்களுக்குத் தடை போட்டது. இப்போது நடப்பது என்ன? வட்டித் தொகையை விலையில் தள்ளுபடியாகக் காட்டிவிட்டு, பாங்கி வட்டியை வாங்கிக்கொள்கிறது. அந்த வட்டிக்கு 18 சதவீத ஜி.எஸ்.டி., போதாததற்கு 'பிராசசிங்' கட்டணம். ரொக்கம் கொடுத்தால் கிடைக்கும் தள்ளுபடியும் போச்சு.

79 ஆயிரத்து 900 ரூபாயை 24 மாதமாகப் பிரித்தால் மாதம் சுமார் 3 ஆயிரத்து 330. மாதம் 18 ஆயிரம் வாங்குகிறவருக்கு அது சம்பளத்தில் ஐந்தில் ஒரு பங்கு. தவணையில் பாதி பாக்கி நிற்கும்போதே அடுத்த மாடல் வந்து, "இதிலும் ஒண்ணுமில்ல மக்களே" என்று விமர்சனமும் வந்துவிடும். போனின் விலையில் 12 ஆயிரத்துக்கு மேல் ஜி.எஸ்.டி. மட்டுமே என்பதையும் கவனிக்க வேண்டும்.

பேட்டரி மட்டும் மாற்றினால்?

'போன் ஸ்லோ ஆயிடுச்சு' என்பதுதான் புதுசு வாங்கச் சொல்லும் காரணம். பல சமயம் குற்றவாளி பேட்டரிதான். ஐபோன்-14 வரை, 500 தடவை முழுசாக ஏறி இறங்கினால் பேட்டரி சக்தி 80 சதவீதத்துக்கு வந்துவிடும் என்பது கம்பெனி கணக்கு. தினம் ஒரு முழு சார்ஜ் என்றால் ஒன்றரை வருஷத்துக்குள். 15-ல் இருந்து அது ஆயிரம் தடவை.

பழைய பேட்டரி உள்ள ஐபோன்களின் வேகத்தைக் கம்பெனியே குறைத்தது 2017 டிசம்பரில் அம்பலமானது. மன்னிப்புக் கேட்டு, பேட்டரி மாற்றும் கட்டணத்தைக் குறைத்தார்கள். விளைவு? எதிர்பார்த்த அளவு ஐபோன் விற்கவில்லை, ஜனங்கள் குறைந்த விலையில் பேட்டரி மாற்றிக்கொண்டதும் ஒரு காரணம் என்று 2019 ஜனவரியில் ஆப்பிள் தலைவர் டிம் குக்கே கடிதம் எழுதினார். இதைவிட நல்ல விமர்சனம் எந்த யூடியூபிலும் கிடைக்காது!

பழைய போனை எத்தனை வருஷம் ஓட்டலாம்? கூகுள் 2023-ல் வந்த பிக்சல்-8 முதலும், சாம்சங் 2024-ல் வந்த எஸ்-24 முதலும் தங்கள் உயர்ரகப் போன்களுக்கு ஏழு வருஷம் பாதுகாப்பு அப்டேட் தருவதாக வாக்குக் கொடுத்திருக்கின்றன. சாம்சங்கின் விலை குறைந்த ஏ-16-க்கே ஆறு வருஷம். ஐரோப்பாவில் 2025 ஜூன் முதல் விற்கும் போன்களுக்குக் குறைந்தது ஐந்து வருஷம் அப்டேட் தர வேண்டும் என்று சட்டமே இருக்கிறது. வாட்ஸ்அப் 2025-ல் கைவிட்ட ஐபோன்கள் 2013, 2014-ல் வந்த 5-எஸ்சும் 6-ம்தான்.

ஆகவே, கடைக்குப் போகுமுன் போனின் செட்டிங்சில் 'பேட்டரி' என்ற இடத்தைத் திறந்து பார்க்கலாம். ஐபோனில் சதவீதமே போட்டிருக்கும். 80-க்குக் கீழே இருந்தால் பேட்டரியை மாற்றிவிட்டு, அப்டேட் வருகிறதா என்றும் பார்த்துக்கொள்ள வேண்டும். அப்டேட் நின்றுபோன போனில் பாங்கிக் கணக்கு வைத்திருப்பவர் மட்டும் தள்ளிப்போடாமல் மாற்றிவிடுவது நல்லது. அதற்கும் இந்த வருஷ மாடல்தான் வேண்டும் என்பதில்லை. புதுசு வந்ததும் போன வருஷ மாடலின் விலை இறங்குவது வாடிக்கை. ரெயிலில் விமர்சகர் சொன்ன, 'பெரிசா வித்தியாசம் இல்லாத' அதே மாடல்!