ஏடறியாத ஆசிரியைகள்

'நிலைபேறான அபிவிருத்தி' என்ற சொற்றொடர் இன்று பல்கலைக்கழக விரிவுரை மண்டபம் முதல் மாதர் சங்கக் கூட்டம் வரை பேசப்படுகின்றது. எதிர்காலச் சந்ததியினரின் தேவைகளுக்குப் பங்கம் ஏற்படாதவாறு இன்றைய தேவைகளை நிறைவுசெய்வதே அது என 1987இல் வெளியான புருண்ட்லாண்ட் அறிக்கை விளக்கியது. சமூகவியல் மாணவியாக இருந்த காலத்தில் நானும் இந்த வரைவிலக்கணத்தை மனனஞ்செய்து பரீட்சை எழுதியிருக்கிறேன்.

வெருகல் பகுதியில் நான் சந்தித்த வயோதிபத் தாயொருவர் இதையே வேறுவிதமாகச் சொன்னார். "கிழங்கு கிண்டினா கொடித் தலைய மண்ணுக்குள்ள வச்சி மூடிட்டுத்தான் வருவம். இல்லாட்டி வாற வருசம் புள்ளயள் என்னத்தத் தின்னுற?" அவர் பாடசாலைப் படியேறாதவர்.

மூதூர், ஈச்சிலம்பற்று, வெருகல் தொடங்கி வாகரை வரையான கரையோரத்தில் தமிழ் பேசும் வேடர் சமூகத்தினர் வாழ்கின்றனர். செலிக்மன் தம்பதியர் 1911இல் வெளியிட்ட நூலிலும் கரையோர வேடர் பற்றிய குறிப்புகள் உண்டு. 2004 டிசம்பர் சுனாமியும், 2006இல் மூண்ட போரும் இக்கரையோர மக்களை இடம்பெயர வைத்தன. காட்டையும் களப்பையும் காணாமல் முகாமில் வளர்ந்த பிள்ளைக்குத் தாய் எதைக் காட்டிக் கொடுப்பாள்? இடம்பெயர்வில் வீடு வாசலோடு அறிவும் அறுந்துபோகின்றது.

உள்ளூர் அறிவுக்குப் பல்கலைக்கழகத்தில் அறவே இடமில்லை என்று கூறிவிட முடியாது. கிழக்குப் பல்கலைக்கழகத்தின் திருகோணமலை வளாகத்தில் சித்த மருத்துவம் பட்டப்படிப்பாகப் போதிக்கப்படுகின்றது. அம்மாணவர்கள் எமது கப்பல்துறை ஆயுர்வேத வைத்தியசாலையில் பயிற்சி பெறுகின்றனர். பரம்பரை வைத்தியர்களிடம் இருந்த அறிவு இவ்வாறு ஏட்டில் ஏறியுள்ளது. ஆனால் எந்தப் பருவத்தில் எதைப் பிடுங்குவது, எவ்வளவை விட்டுவைப்பது என்று அறிந்த பெண்கள் மண்டபத்துக்கு வெளியேதான் நிற்கின்றனர்.

ஆய்வுக்கென வருவோர் பற்றிக் கேட்டபோது அத்தாய் சிரித்தார். "வந்து எழுதிக்கிட்டுப் போற. பிறகு ஒருத்தரும் வாறல்ல."

2007 செப்டெம்பர் 13ஆம் திகதி ஐக்கிய நாடுகள் பொதுச்சபை ஏற்றுக்கொண்ட ஆதிக்குடிகளின் உரிமைப் பிரகடனத்துக்கு இலங்கையும் ஆதரவாக வாக்களித்தது. தமது பாரம்பரிய அறிவைப் பேணவும், பாதுகாக்கவும், கட்டுப்படுத்தவும் அம்மக்களுக்கு உரிமையுண்டு என அதன் 31ஆவது உறுப்புரை கூறுகின்றது. ஆகவே அவர்களது அறிவை எழுதிச் செல்வதற்கு முன்னர் சம்மதம் பெற வேண்டும். எழுதியதைத் தமிழில் ஊருக்குத் திருப்பிக் கொடுக்க வேண்டும். இத்தாய்மாரை வளவாளர்களாக அழைத்து, ஏனைய வளவாளர்களுக்குப் போலவே கொடுப்பனவும் வழங்க வேண்டும். இதற்குப் புதிய கட்டடமோ பெருநிதியோ தேவையில்லை. மனம் இருந்தால் போதும்.

சகோதரிகளே, நாமும் காத்திருக்க வேண்டியதில்லை. அடுத்த மாதர் சங்கக் கூட்டத்தில் ஊரின் மூத்த பெண்ணொருவரை முன் கதிரையில் இருத்திப் பேசவிடுங்கள். அவர் சம்மதித்தால் ஒரு கொப்பியில் எழுதி, மேலே அவரது பெயரையும் எழுதுங்கள். அந்தக் கொப்பி ஊரிலேயே இருக்கட்டும். பல்கலைக்கழகப் பிள்ளைகள் அதைத் தேடி எங்களிடம் வரட்டும்.